காலி சீட்டுக்குப் போட்ட பெல்ட்

அந்த வெப்சைட்டுக்குக் காரணம் ஒரு மழைநாள். கல்லூரி முடிந்து நானும் என் சிநேகிதியும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி வந்தபோது வண்டூர் போகும் பஸ் கிளம்பிவிட்டிருந்தது. அடுத்தது எப்போது என்று கேட்டதற்கு யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. கூரையின் ஓரத்தில் பாதி நனைந்து நின்றுகொண்டிருந்தோம். எங்கள் கல்லூரிப் பையன்களின் கார்கள் ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டிப் போயின. பெரும்பாலானவற்றில் ஓட்டுகிறவனைத் தவிர ஆளே இல்லை.

"இத்தன சீட்டு சும்மா போகுது பாரேன். யாரு எந்தப் பக்கம் போறாங்கன்னு முன்னாடியே விளங்குனா எவ்வளவு நல்லா இருக்கும்" என்றாள் அவள்.

அவள் தெற்கே கப்பலில் போய்ச் சேர வேண்டிய கச்சால் தீவுக்காரி. அவளுடைய தாத்தா காலத்தில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து அங்கே ரப்பர் மரங்களுக்கு நடுவில் குடியமர்த்தப்பட்ட குடும்பம். படிப்புக்காக மங்ளூட்டானில் சித்தப்பா வீட்டில் தங்கியிருந்தாள். என் அப்பாவுக்கு வனத்துறையில் வேலை. சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம் என்றாலும் நான் பிறந்ததும் வளர்ந்ததும் இந்தத் தீவில், வண்டூர் குவார்ட்டர்ஸில்தான். இருவரும் கடைசி வருடம் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தோம். ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்ததால், அந்தக் கூரை ஓரத்திலேயே அது முடிவாகிவிட்டது. கார் வைத்திருக்கும் மாணவர்கள் ஒரு வெப்சைட்டில் காலி சீட்டைப் பதிவு செய்ய வேண்டும். வேண்டியவர்கள் ஏறும் இடத்தைச் சொல்லிச் சீட்டுப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

ப்ரோகிராம் எழுதுவதற்கு முன்னால் நாங்களே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று எங்கள் ப்ராஜெக்ட் மேடம் சொன்னார். வண்டூரில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணனிடம் புதுக் கார் இருந்தது. எங்கள் கல்லூரியிலேயே எம்.காம் படித்துக்கொண்டிருந்தான். அவனுடைய அப்பா தூத்துக்குடிக்காரர், ரோடு கான்ட்ராக்டர். தினமும் தனியாகத்தான் போய் வருகிறான் என்பதால் கேட்டதும் சரி என்றான். மங்ளூட்டானில் என் சிநேகிதியோடு இன்னொரு பெண்ணும் ஏறுவாள் என்று ஏற்பாடாயிற்று. முதல் வருடம் சேர்ந்திருந்தவள், சிநேகிதியின் சித்தப்பா வீட்டுக்கு எதிர்வீடு. அதிகம் பேசமாட்டாள். எதையாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டே ஜன்னலைப் பார்த்திருப்பாள். பெண்கள் மூன்று பேரும் பின்னால் உட்கார்ந்துகொண்டோம். முன்சீட்டு காலியாக இருந்தது.

வண்டூரிலிருந்து கல்லூரி இருக்கும் ஊருக்குள் போகிற வழியில் சிப்பிகாட் வரும். சுனாமியின்போது அங்கே தரை தாழ்ந்துபோனது. வயலும் தென்னந்தோப்பும் வீடுகளும் இருந்த இடத்தில் உள்ளே வந்த கடல் திரும்பிப் போகவில்லை. தண்ணீருக்கு நடுவில் தென்னைகள் தலையில்லாமல் வெளுத்து நிற்கும். கடல் ஏற்றத்தின்போது ரோட்டின் ஓரம்வரை தண்ணீர் தளும்பும். வற்றத்தின்போது சில சுவர்கள் வெளியே தெரியும். பழைய ரோடு கீழே போய்விட்டதால் மேடாக்கிப் புது ரோடு போட்டிருக்கிறார்கள். எங்கள் போனிலிருந்த மேப்புக்கு மட்டும் அது இன்னும் பிடிபடவில்லை. அங்கே இருக்கும் வளைவுக்கு வந்ததும் இடதுபக்கம் திரும்பச் சொல்லும். இடதுபக்கம் தண்ணீர்தான். தினமும் பார்த்துப் பழகிய இடம் என்பதால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

முதல் நாள் காலை அந்த வளைவைக் கடந்ததும் காரில் டிங் டிங் என்று மணி அடிக்க ஆரம்பித்தது. டேஷ்போர்டில் சீட் பெல்ட் போடாத ஆளின் சிவப்புப் படம்.

"பெல்ட்டைப் போட்டுத்தானேட்டி இருக்கேன்" என்று அண்ணன் தன் பெல்ட்டை இழுத்துப் பார்த்தான். பிறகுதான் கவனித்தான். மணி அவனுக்காக அடிக்கவில்லை. முன்சீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆள் பெல்ட் போடவில்லை என்று கார் சொல்லிக்கொண்டிருந்தது.

"அண்ணா, சீட்டுல பை எதையாவது வச்சிருக்கீங்களா?"

"ஒண்ணும் இல்லட்டி. நீயே பாரு."

எட்டிப் பார்த்தேன். சீட்டில் ஒரு பேனாகூட இல்லை. மணி விடாமல் அடித்தது. கராச்சார்மா கடைத்தெரு, சிக்னல், ஏற்றம் எல்லாம் தாண்டி, கல்லூரி வாசலில் நாங்கள் இறங்குவதற்காக வண்டியை நிறுத்தியதும் நின்றது. இன்ஜினை அவன் இன்னும் அணைத்திருக்கவில்லை.

"புது வண்டி, அதான் நக்ரா பண்ணி அடம் பிடிக்குது" என்று சிரித்தான்.

சாயங்காலம் திரும்பும்போது கல்லூரி வாசலிலேயே மணி தொடங்கிவிட்டது. சிப்பிகாட் வளைவில் அடங்கியது. அதற்கப்புறம் மங்ளூட்டான்வரை முதல் வருடப் பெண்ணின் முணுமுணுப்பு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த நாளும் அதேபோல். அதற்கடுத்த நாளும். அண்ணன் வண்டியை ஷோரூமில் கொண்டுபோய்க் காட்டினான். சீட்டுக்கு அடியில் இருக்கும் சென்சார் எடையை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கிறது, கடல் காற்றில் ஈரம் பிடித்திருக்கலாம் என்று சொல்லி ஒரு நாள் முழுக்க வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார்கள். சென்சாரில் பழுது ஒன்றும் இல்லையாம். மறுநாள் காலை வளைவில் மறுபடியும் டிங் டிங்.

அன்றைக்கு அண்ணன் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, மறு கையால் பக்கத்துச் சீட்டின் பெல்ட்டை இழுத்துக் கொக்கியில் மாட்டினான். மணி நின்றது. காலி சீட்டின் குறுக்கே அந்தக் கறுப்புப் பட்டை இருந்தது. வெறும் சீட்டில் மாட்டினால் அது தொய்ந்து கிடக்க வேண்டும். எனக்கு அது விறைப்பாக இருந்ததுபோல் பட்டது. கையை நீட்டித் தொட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தேன், தொடவில்லை.

அதிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. வளைவு வரும்போது பெல்ட்டை மாட்டுவான். கல்லூரி வாசலில் கழற்றுவான். சாயங்காலம் அதையே தலைகீழாகச் செய்வான். ஒரு நாள் கழற்றும்போது அவன் தன்னையறியாமல், "இறங்கிக்கோங்க" என்றான்.

என் சிநேகிதிக்குப் பயமில்லை. அவளுடைய தீவில் அலை எவ்வளவோ பேரைக் கொண்டுபோயிருக்கிறது. அவள் அப்போது கைக்குழந்தை. "எங்க பக்கம் இதெல்லாம் பேச மாட்டோம், இருந்தா இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுருவோம்" என்றாள். எனக்கு விடத் தெரியவில்லை. ஒரு காலைப்பொழுது நான் முன்னால் உட்காருகிறேன் என்று சொன்னேன்.

"பாகல் ஆயிட்டியா, பைத்தியமாட்டி உனக்கு?" என்றான் அண்ணன். ஆனால் அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

வண்டூரில் ஏறியதுமே முன்சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். மங்ளூட்டானில் மற்ற இருவரும் பின்னால் ஏறினார்கள். தூறல். கண்ணாடியில் வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. வளைவு நெருங்கியது. அண்ணன் வேகத்தைக் குறைத்தான். குறைத்துக்கொண்டே வந்து, தண்ணீரின் ஓரத்தில் வண்டியைச் சுத்தமாக நிறுத்திவிட்டான்.

"ஏன் அண்ணா நிறுத்துனீங்க?"

அவன் திகைத்துப் போய் என்னைப் பார்த்தான். "நிறுத்துனேனா?"

வண்டி மறுபடி நகர்ந்தது. மணி அடிக்கவில்லை. என் சீட்டில் எந்த வித்தியாசமும் இல்லை. குளிர் இல்லை, வாசனை இல்லை, ஒன்றும் இல்லை. என் பயத்தை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. அதைச் சொல்லலாம் என்று பின்னால் திரும்பினேன்.

என் சிநேகிதியும் அந்தப் பெண்ணும் வலதுபக்கக் கதவை ஒட்டி, தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சிநேகிதியின் புத்தகப்பை அவள் மடிக்கு வந்திருந்தது. இடதுபக்க ஜன்னலோரம் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. ஏறும்போது சிநேகிதி அந்த ஜன்னலோரத்தில்தான் உட்கார்ந்தாள். நான் பார்த்தேன்.

"ஏன்டி ரெண்டு பேரும் இப்படி நெருக்கிக்கிட்டு இருக்கீங்க?"

சிநேகிதி குனிந்து தன்னைப் பார்த்தாள். பக்கத்து இடத்தைப் பார்த்தாள். எதற்கும் அசராதவளின் முகம் வெளிறிப்போனது. எப்போது நகர்ந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

முதல் வருடப் பெண் மட்டும் சாதாரணமாகச் சொன்னாள். "முன்னாடி நீங்க உக்காந்துட்டீங்கல்ல, இந்த இடம் வந்தா நகர்ந்துதானேக்கா உக்காரணும்?"

அன்று சாயங்காலம் வளைவுக்கு முன்னால் இருக்கும் டீக்கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். கடைக்காரம்மா வங்காளி. எங்களிடம் இந்தியில்தான் பேசுவார். சுனாமியில் இங்கே செத்துப்போன கல்லூரிப் பெண் யாராவது உண்டா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"யஹா கோயி நஹி மரா" என்றார். இங்கே யாரும் சாகவில்லை. தண்ணீர் மெதுவாக உள்ளே வந்தது, எல்லாரும் மேட்டுக்கு ஓடிவிட்டார்கள், பிறகு அரசாங்கம் வேறு வேறு இடத்தில் வீடு கொடுத்தது, போய்விட்டார்கள். முன்பெல்லாம் காலையில் இந்த ஸ்டாப்பில் மட்டும் பாதி பஸ் நிரம்பும் என்றார். ஸ்டாப் எங்கே இருந்தது என்று கேட்டேன். டீ ஆற்றிக்கொண்டிருந்த குவளையாலேயே தண்ணீரைக் காட்டினார்.

செத்தவர் ஒருவர் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். யாருமே சாகாத இடத்திலிருந்து தினமும் யார் ஏறுகிறார்கள்?

அந்த வாரம் வெப்சைட்டின் சீட்டுக் கணக்கை எழுதி முடித்தேன். அண்ணனுடைய காரைப் பதிவு செய்தபோது, காலி இடங்களில் ஒன்றைக் குறைத்துப் போட்டேன். சிநேகிதி பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பு என்று அவள் சொல்லவில்லை.

சில நாள் கழித்து, மங்ளூட்டானில் முதல் வருடப் பெண்ணோடு அவளுடைய அம்மாவும் ரோட்டில் நின்றிருந்தார். மகள் யாருடைய காரில் போகிறாள் என்று பார்த்துவிட்டுப் போக வந்தவர். நாற்பது வயதுகூட ஆகியிருக்காது. மெலிந்த உடம்பு. நைட்டிமேல் துண்டு போட்டு வருவார் என்று நினைத்திருந்தேன், அவர் இஸ்திரி போட்ட சேலை கட்டி, தலைவாரிப் பூ வைத்திருந்தார்.

"நீங்க யாரு பிள்ளை தம்பி?" என்று அண்ணனை விசாரித்தார். சொன்னான். திருப்தியாகத் தலையாட்டினார். ஆனால் கிளம்பவில்லை. கார் கதவில் கை வைத்தபடி நின்றார்.

"காலேஜ் வரைக்கும் நானும் ஒரு தடவை வந்துட்டு, பஸ்ல திரும்பிரட்டுமா?"

"வாங்கம்மா, முன்னாடி உக்காருங்க" என்றான் அண்ணன்.

அவர் முன்சீட்டைப் பார்த்தார். "வேண்டாம் தம்பி. நான் பின்னாடியே இருந்துக்கிறேன்."

பின்னால் நான்கு பேராக நெருக்கி உட்கார்ந்தோம். அவர் இடதுபக்க ஜன்னலோரம் உட்கார்ந்தார். நாங்கள் யாரும் அவருக்கு அந்த இடத்தைக் காட்டவில்லை.

முன்சீட்டு காலி. வளைவு வந்தது. அண்ணனின் இடதுகை பெல்ட்டை நோக்கிப் போய் அந்தரத்தில் நின்றது. மணி அடிக்கவில்லை. தண்ணீர் முழுக்கக் கடந்து முடித்தும் அடிக்கவில்லை. அவன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். அந்த அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இங்கதான் ஏறுவேன்" என்றார்.

மகள் பாடுவதை நிறுத்தினாள். "எங்கம்மா?"

"இங்கதான். அந்தா நிக்குது பாரு ரெண்டு தென்னை, அதுக்கு இந்தப் பக்கம் ஸ்டாப். எங்க வீடு உள்ள."

"நீ காலேஜ் போனியா?" மகளின் குரல் மாறியிருந்தது. அவளுக்கு இது தெரிந்திருக்கவில்லை.

"கொஞ்ச நாள்தான். முதல் வருஷம். கிறிஸ்மஸ் லீவு விட்டாங்க. லீவு முடிஞ்சு காலேஜ் திறந்தப்போ ஸ்டாப்பே இல்ல. கேம்ப்ல இருந்தோம். அப்புறம் உங்கப்பாவுக்குக் கட்டிக் குடுத்துட்டாங்க." அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. கடைக்குப் போய்வந்ததைச் சொல்வதுபோல் சொன்னார்.

பிறகு, யாரும் கேட்காமலேயே, லேசாகச் சிரித்தபடி தொடர்ந்தார். "ஆனா இன்னிக்கு வரைக்கும் விடல. காலையில இவளை அனுப்பிட்டு அடுப்படியில நிப்பேன் பாருங்க, அப்ப தினமும் போவேன். மனசுலதான். இங்க ஏறி, கராச்சார்மா கடையெல்லாம் பாத்துக்கிட்டே போயி, காலேஜ் வாசல்ல இறங்குவேன். இறங்குன உடனே, அடுப்புல என்னமோ தீயுதேன்னு முழிப்பு வரும். சாயங்காலம் துணி மடிக்கிறப்போ திரும்பி வந்துருவேன். முன்னாடி எப்பவும் பஸ்லதான் போவேன். இப்ப கொஞ்ச நாளா, என்னமோ, கார்ல போற மாதிரியே இருக்கு."

என் சிநேகிதி என் கையைப் பிடித்தாள். அண்ணன் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நாங்கள் மணியைப் பற்றி அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகளும் சொல்லியிருக்கவில்லை என்பது அவர் பேச்சிலிருந்தே தெரிந்தது.

கல்லூரி வாசலில் எங்களோடு இறங்கினார். உள்ளே வந்து பாருங்கள் என்று கூப்பிட்டோம். "வேண்டாம், பாத்தாச்சு" என்றார். கேட்டுக்கு வெளியே, பிள்ளைகள் உள்ளே போய்க்கொண்டிருந்ததைப் பார்த்தபடி நின்றார். வகுப்புக்குப் போகும் படியேறித் திரும்பிப் பார்த்தபோதும் நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் காலை அவர் வரவில்லை. வளைவில் மணி அடித்தது. அண்ணன் பெல்ட்டை மாட்டினான். முன்பிருந்த பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். பயத்தின் இடம் மாறியிருந்தது. முன்பு அங்கே யாரோ இருக்கிறார்கள் என்று பயந்தோம். இப்போது யார் என்று தெரியும். வீட்டில் அடுப்பு முன்னால் நிற்கும் உடம்பில் அந்த நேரத்தில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் தெரியவில்லை. முதல் வருடப் பெண் அதற்குப் பிறகு பாடவில்லை. முன்சீட்டின் பின்புறத்தில் உள்ளங்கையை வைத்தபடியே வருவாள்.

ஒரு காலையில் மணி அடிக்கவில்லை. எல்லாரும் அந்தப் பெண்ணைப் பார்த்தோம். "அம்மாவுக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டுத் தூங்குறாங்க" என்றாள். அடுத்த இரண்டு நாளும் மணி இல்லை. காய்ச்சல் விட்டு அவர் எழுந்து சமைத்த நாளில் மறுபடி வந்தது.

அதனால்தான் பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காலை, மணி அடிக்காமல் வளைவைத் தாண்டியபோது, நான் முதலில் கேட்டது, "அம்மா நல்லாதானே இருந்தாங்க?" என்றுதான்.

"நல்லாதான் இருந்தாங்க. எனக்கு டிபன் கட்டிக் குடுத்தாங்களே." அவள் ஏற்கெனவே போனை எடுத்திருந்தாள். அடித்துக்கொண்டேயிருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். அண்ணன் வண்டியை ஓரம் கட்டினான். "திரும்பிருவோமா?" என்றான். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சிநேகிதி தன் சித்தியைக் கூப்பிட்டு எதிர்வீட்டை எட்டிப் பார்க்கச் சொன்னாள். வீடு பூட்டியிருக்கிறது என்றார் சித்தி.

மூன்றாவது தடவை போட்டபோது எடுத்தார். பின்னால் ஒரே இரைச்சல். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா! எங்க இருக்க நீ?"

"பஸ்லடி. போன் பைக்குள்ள கிடக்கு, கேக்கல. நீ ஏறிப்போன உடனே ஸ்டாப்புக்கு வந்தேன், பஸ் வந்துருச்சு."

"எங்க போற?"

"தபால்ல படிக்கலாம்னு சொல்றாங்கல்ல. அது என்னன்னு விசாரிச்சுட்டு வரலாம்னு. உங்கப்பாகிட்ட இன்னும் சொல்லல, நீயும் சொல்லாத."

பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து வந்த வண்டூர் பஸ் எங்களைத் தாண்டிப் போனது. நடு ஜன்னலில் அவர். காதில் போனோடு, எங்களைக் கண்டதும் குழந்தைபோலக் கையாட்டினார். மகள் அழுதுகொண்டே சிரித்தாள். அண்ணன் வண்டியை எடுத்தான். ஏற்றம் முடியும்வரை பஸ்ஸை முந்தாமல் பின்னாலேயே ஓட்டினான். மணி அடிக்கவேயில்லை.

அவர் சேர்ந்துவிட்டார். வகுப்பு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். எங்கள் வெப்சைட்டும் அந்த வருடம் கல்லூரியில் ஓட ஆரம்பித்தது. வண்டூர் பக்கமிருந்து மட்டும் நாலைந்து கார்கள் பதிவாகியிருந்தன. அம்மாவுக்கும் அதில் ஒரு கணக்கு தொடங்கிக் கொடுத்தாள் மகள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குள் போகிறவர்கள் நிறைய, சீட்டுக்குக் குறைவில்லை. ஆனால் அவர் ஒரு தடவைகூடச் சீட்டுப் பிடிக்கவில்லை. வெயிலில் நின்று பஸ்ஸில்தான் போனார்.

கடைசியாக அவரைப் பார்த்தபோது ஏன் என்று கேட்டேன். காபியை என் கையில் கொடுத்துவிட்டு யோசித்தார்.

"ஒரு தடவை உங்க கார்ல வந்தேன்ல, அன்னிக்கே முன்சீட்டுல உக்காரச் சொன்னாங்க. நான் வேண்டாம்னுட்டேன், ஞாபகம் இருக்கா?"

"ஆமா."

"அதுல ஏற்கெனவே ஆளு இருந்துச்சும்மா. காலேஜ் பையோட, அந்த வயசுல நான் இருந்த மாதிரியே" என்றார்.